முன்னிலை நோக்கு: 'யூ ஆட்டிட்யூட்' என்பதற்குத் தமிழ்

'யூ ஆட்டிட்யூட்' என்பது வணிகவியல் மாணவர்கள் கடிதம் எழுதும் பாடத்தில் மனப்பாடம் செய்கிற தொடர். எழுதுகிற நிறுவனம் தன் பெருமையை ஒதுக்கிவிட்டு, படிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது அதன் பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வணிகக் கடிதப் பாடநூல்களில் இந்தக் கருத்து வேரூன்றியது. விளம்பரம் எழுதுகிறவர்களுக்கும் இது பாலபாடம்தான்.

2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் கருவியை வெளியிட்டபோது அதற்குள் இருந்தது 5 ஜிபி வன்தட்டு. விளம்பரமோ 'உங்கள் சட்டைப்பையில் 1,000 பாட்டுகள்' என்று பேசியது. வன்தட்டு நிறுவனத்தின் சாதனை, சட்டைப்பை வாங்குபவருடையது. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் நிறுவனர் படமும், தொடங்கிய ஆண்டும், கிளைகளின் எண்ணிக்கையும் இடத்தை அடைத்துக்கொள்ள, கடைக்கு வருகிறவருக்கு ஒரு மூலைகூட மிஞ்சுவதில்லை.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நீங்கள் மனப்பான்மை' என்று வரும். காதுக்கும் ஒவ்வாது, கருத்துக்கும் உதவாது. 'ஆட்டிட்யூட்' இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல். 17ஆம் நூற்றாண்டில் அது ஓவியத்திலோ சிற்பத்திலோ ஓர் உருவம் நிற்கும் நிலையைக் குறித்த கலைச்சொல்லாக இருந்தது. மனப்போக்கு என்ற பொருள் பிறகு ஏறியது.

நிற்கும் நிலை என்றதும் தமிழ் இலக்கணம் நினைவுக்கு வராமல் போகாது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூவிடங்களில் முன்னிலை என்பது முன்னே நிற்பவரைக் குறிப்பது. 'யூ' என்பதும் 'ஆட்டிட்யூட்' என்பதும் இந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆனால் வாக்கு எண்ணிக்கைச் செய்திகள் 'வேட்பாளர் முன்னிலை' என்று முழங்குவதால், தனியே விட்டால் 'நாங்களே முதலிடம்' என்று பொருள்பட்டுவிடும் ஆபத்து உண்டு. எனவே நோக்கு என்பதைச் சேர்த்து 'முன்னிலை நோக்கு' என்பதே என் பரிந்துரை.

வரிக்கு வரி 'நீங்கள்' போட்டால் முன்னிலை நோக்கு வந்துவிடாது. 'வாங்குவீர்!' என்பது முன்னிலை வினைதான். ஆனால் அந்த வரியில் இருப்பது கடைக்காரரின் அவசரம் மட்டுமே. மாறாக, 1960களில் ஏவிஸ் என்ற அமெரிக்க வாடகைக் கார் நிறுவனம், தான் இரண்டாம் இடத்தில்தான் இருப்பதாக ஒப்புக்கொண்டு, அதனால் 'நாங்கள் இன்னும் கடுமையாக முயல்கிறோம்' என்று விளம்பரம் செய்தது. சொல் தன்மைப் பன்மை. பலன் வண்டி எடுப்பவருக்கு. சில இடங்களில் 'நீங்கள்' கெடுதலே செய்யும். 'நீங்கள் தவணை கட்டத் தவறிவிட்டீர்கள்' என்பதைவிட 'தவணை இன்னும் வந்து சேரவில்லை' என்று எழுதுவதுதான் முன்னிலை நோக்கு.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதியும் தமிழுக்கு உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் உள்ளே. ஆங்கிலத்தின் 'வீ' இரண்டையும் ஒன்றாகக் குழப்பும். விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே பக்கம் நிறுத்த 'நம் தெரு', 'நம் குழந்தைகள்' என்றால் போதும். அதற்காக 'நம் நிறுவனம்' என்று எழுதினால் வாங்குபவர் பங்கு கேட்பார்.

வினையிலும் இந்த வேறுபாடு உண்டு. வரு, தரு ஆகிய சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்றும், செலவும் (செல்லுதல்) கொடையும் (கொடுத்தல்) படர்க்கைக்கு உரியவை என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது. இன்றைய வழக்கில் இது நெகிழ்ந்துவிட்டாலும் காது மறக்கவில்லை. 'வாடிக்கையாளர்களுக்குத் தள்ளுபடி கொடுக்கிறோம்' என்ற வரி யாரோ மூன்றாமவரைப் பற்றிய அறிக்கைபோல ஒலிக்கிறது. 'உங்களுக்குத் தள்ளுபடி தருகிறோம்' என்பது எதிரே நிற்பவரிடம் பேசுகிறது.