ரேட்டிங் என்பது பார்வை வீதம்

டிவி ‘ரேட்டிங்’கைத் தமிழில் தரமதிப்பீடு, தரப்புள்ளி, தரவரிசை என்றெல்லாம் எழுதுகிறார்கள். மூன்றிலும் ‘தரம்’ வந்துவிடுகிறது. ஆனால் ரேட்டிங் தரத்தை அளப்பதில்லை. அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் ஒரு நிகழ்ச்சிக்கு 5 ரேட்டிங் என்று சொன்னால், டிவி உள்ள வீடுகளில் நூற்றுக்கு 5இல் அது ஓடியது என்று பொருள். கேபிள் நிகழ்ச்சி என்றால் அந்தச் சேனல் வரும் வீடுகளை மட்டும் வைத்துக் கணக்கிடுவதும் உண்டு. அவ்வளவுதான்.

இந்த எண்ணுக்காகவே நடந்த சண்டை, அமெரிக்காவில் திங்கட்கிழமை இரவு ரெஸ்லிங் டிவி நிகழ்ச்சிகள் இரண்டுக்கு இடையே நடந்த போட்டி. வின்ஸ் மெக்மஹனின் ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃப் 1993 முதல் ‘ரா’ என்ற நிகழ்ச்சியை நடத்திவந்தது. 1995 செப்டம்பரில் டெட் டர்னரின் போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ அதே இரவில் ‘நைட்ரோ’வை இறக்கியது. 1996 நடுவிலிருந்து தொடர்ந்து 83 வாரம் நைட்ரோ முந்தியது. 1998 ஏப்ரலில்தான் ரா மறுபடி ஜெயித்தது.

1999 ஜனவரி 4 இரவு என்ன நடந்தது என்று பாருங்கள். ரா முன்பே பதிவான நிகழ்ச்சி, நைட்ரோ நேரலை. ராவில் மிக் ஃபோலி என்ற வீரர் பட்டம் வெல்லப்போகிறார் என்பதை நைட்ரோ வர்ணனையாளர் டோனி ஷியாவோனி போட்டு உடைத்தார். முடிவு தெரிந்தால் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள் என்பது கணக்கு. நடந்ததோ தலைகீழ்: ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்கவே லட்சக்கணக்கானோர் சேனலை மாற்றினார்கள். அப்புறம் நைட்ரோவின் கடைசி ஆட்டத்தில் ஹல்க் ஹோகன் ஒரு விரலால் குத்தியதும் கெவின் நாஷ் மல்லாந்து விழுந்து பட்டத்தை விட்டுக்கொடுத்தார். ரசிகர்கள் இன்றும் திட்டுகிற காட்சி அது. அந்த இரவு ராவுக்கு 5.7, நைட்ரோவுக்கு 5.0. போட்டி தொடங்கியபோது இரண்டுமே இரண்டரைப் புள்ளியை ஒட்டித்தான் இருந்தன. இவ்வளவு மோசமான முடிவு கொண்ட நிகழ்ச்சிக்கு வந்த 5.0ஐத் ‘தரமதிப்பீடு’ என்று எப்படி எழுதுவது?

சொல்லின் வேரும் தரத்தைச் சொல்லவில்லை. ‘ரேட்’ என்பது லத்தீன் ‘ப்ரோ ராட்டா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘கணக்கிட்ட பங்கின்படி’ என்பது அதன் பொருள். ‘ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம்’ என்கிறோமே, அதே வீதம்தான். இதற்குப் புதுச்சொல் கட்டவே வேண்டாம். சந்தையிலும் கூலிக் கணக்கிலும் புழங்கும் சொல் கையில் இருக்கிறது.

ஆகவே டிவி ரேட்டிங்குக்குப் ‘பார்வை வீதம்’ என்பதே என் தேர்வு. டிஆர்பியின் ‘ரேட்டிங் பாயிண்ட்’டை ‘வீதப் புள்ளி’ எனலாம். ‘ஷேர்’ வேறு: அந்த நேரத்தில் டிவி ஓடும் வீடுகளில் மட்டும் எத்தனை சதவீதம் என்பது அது. அதற்குப் ‘பார்வைப் பங்கு’ பொருந்தும். சினிமாவுக்கு நட்சத்திரம் போடும் ரேட்டிங்குக்கு ‘மதிப்பீடு’ அப்படியே இருக்கட்டும். அங்கே உண்மையிலேயே ஒருவர் படத்தை மதிப்பிடுகிறார்.