பாக்கெட் பிறக்கும் முன்பே உள்ளே பால்: டெட்ரா பாக் இயந்திரம் வேலை செய்யும் விதம்

பாட்டிலில் பால் அடைக்க வேண்டுமென்றால் முதலில் பாட்டில் வேண்டும். அதைக் கழுவ வேண்டும், நிரப்ப வேண்டும், பிறகு மூட வேண்டும். தகர டப்பாவுக்கும் இதே வரிசைதான். டெட்ரா பாக் இயந்திரம் இந்த வரிசையையே தூக்கிப் போட்டுவிட்டது. ஒரு பக்கம் காகித ரோல் உள்ளே போகிறது, இன்னொரு பக்கம் குழாயில் பால் இறங்குகிறது. பாக்கெட் உருவாவது, நிரம்புவது, மூடப்படுவது எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடந்துவிடுகிறது. காலிப் பாக்கெட் என்ற ஒன்று அந்தத் தொழிற்சாலையில் எந்தக் கட்டத்திலும் இருப்பதில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1940களில் எடுத்த இந்த முடிவுதான் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பம், வருமானம், அது சந்தித்த வழக்குகள் எல்லாவற்றுக்கும் வேர் என்பேன்.

ரூபன் ரௌசிங் பொறியாளர் அல்ல, பொருளாதாரம் படித்தவர். 1919-20இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, வாடிக்கையாளர்கள் தாங்களே பொருளை எடுத்துக்கொள்ளும் கடைகளைப் பார்த்தார். ஐரோப்பாவில் அப்போது மாவு, சர்க்கரை எல்லாமே கடைக்காரர் நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவதுதான் வழக்கம். இது மாறினால் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே கட்டிய பாக்கெட் தேவைப்படும் என்று கணக்குப் போட்டார். 1929இல் எரிக் ஓகர்லுண்டுடன் சேர்ந்து பேக்கேஜிங் நிறுவனம் தொடங்கினார். சில ஆண்டுகளில் கூட்டாளி விலகிவிட, நிறுவனம் ரௌசிங்கின் கைக்கு முழுசாக வந்தது.

உலர்ந்த பொருட்களில் பெரிய சிக்கல் இல்லை. பால்தான் சவால். பாலில் லாபம் குறைவு. அதனால் பாக்கெட்டின் விலையும் மிகக் குறைவாக இருந்தாக வேண்டும். கண்ணாடி பாட்டிலோ கனமானது. திரும்ப வாங்கிக் கழுவும் செலவு வேறு. அமெரிக்காவில் காகிதப் பால் பெட்டி ஏற்கெனவே இருந்தது. ஒஹாயோவைச் சேர்ந்த பொம்மை தயாரிப்பாளர் ஜான் வான் வோர்மர் 1915இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது அளவாக வெட்டிய அட்டையை மடித்துப் பெட்டியாக்கி, பிறகு நிரப்பும் முறை. பாட்டிலின் அதே வரிசை.

1944இல் ரௌசிங்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த எரிக் வாலன்பெர்க் முன்வைத்த யோசனை வேறு ரகம். ஒரு தாளை எடுத்துக் குழாயாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். கீழ் வாயை இடவலமாகத் தட்டையாக அழுத்தி ஒட்டுங்கள். மேல் வாயை அதற்குக் குறுக்காக, முன்பின்னாக அழுத்தி ஒட்டுங்கள். கையில் இருப்பது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகி. குழாயைத் தட்டையாக்கினால் எவ்வளவு அகலம் வருமோ, அதில் ஏறக்குறைய 87 சதவீத நீளத்துக்கு ஒரு ஒட்டு போட்டால் நான்கு முகங்களும் சரிசமமான முக்கோணங்களாக அமையும். அந்த விகிதம் மூன்றின் வர்க்கமூலத்தில் பாதி. வெட்டி எறிய ஒரு கீற்றுக்கூட மிஞ்சாது. வேண்டுமானால் இப்போதே ஒரு தாளை வைத்துச் செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

காப்புரிமை விண்ணப்பம் 1944 மார்ச் 27 அன்று ரௌசிங் பெயரில் போனது. வாலன்பெர்க்குக்கு உரிய அங்கீகாரம் 1991இல்தான் வந்தது. ஸ்வீடனின் அரச பொறியியல் அறிவியல் அகாடமி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. கண்டுபிடித்தவர் ஒருவர், காகிதத்தில் பெயர் இன்னொருவர் என்பது தொழிற்சாலை ஆய்வகங்களில் புதிதல்ல. ஆனால் நாற்பத்தேழு ஆண்டுகள் கொஞ்சம் அதிகம்தான்.

வடிவம் கிடைத்தாலும் பாலை எப்படி உள்ளே விடுவது? ஒவ்வொன்றாக நிரப்பி மூடினால் வேகம் வராது, நுரை பொங்கும், உள்ளே காற்றும் தங்கும். இங்கேதான் ரௌசிங்கின் மனைவி எலிசபெத் வருகிறார். நிறுவனம் இன்றும் சொல்லும் கதை இது: குழாயில் பாலை இடைவிடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள், சாசேஜ் செய்பவர்கள் குடலை முறுக்குவதுபோல, பாலின் ஊடாகவே அழுத்தி ஒட்டிவிடுங்கள் என்றாராம். குழாயை இருபுறமும் பிடித்து இறுக்கி ஒட்டும் சூடான தாடை பாலில் படும், பால் தீய்ந்த வாடை அடிக்கும் என்பது எதிர்ப்பு. செய்து பார்த்ததில் அப்படி எதுவும் ஆகவில்லை. தாடைகள் இறுகும்போது இடையிலிருக்கும் பால் மேலும் கீழுமாகப் பிதுங்கி விலகிவிடுகிறது. ஒட்டுவது பால்மட்டத்துக்குக் கீழே நடப்பதால் காற்றுக்கும் இடமில்லை, நுரைக்கும் இடமில்லை.

இயந்திரத்தை வடிவமைத்தவர் ஹாரி யாருண்ட். இயந்திரத்தைவிட அதிகம் படுத்தியது காகிதம். நனையாத, சூட்டில் ஒட்டிக்கொள்ளும், பாலின் சுவையைக் கெடுக்காத பூச்சு வேண்டும். பாலிஎத்திலீன் 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கிடைத்த பிளாஸ்டிக். போர்க்காலத்தில் ராடார் கம்பிகளின் மின்காப்புக்குப் போனது, போர் முடிந்ததும் பொதுச் சந்தைக்கு வந்தது. அதை உருக்கிக் காகிதத்தின்மேல் மெல்லிய படலமாகப் பூசும் கலையை லுண்ட்காரர்கள் பல ஆண்டுகள் போராடித்தான் வசப்படுத்தினார்கள். டெட்ரா பாக் தனி நிறுவனமாக உருவானது 1951இல். மறு ஆண்டு, லுண்ட் வட்டாரப் பால்பண்ணைக்கு முதல் இயந்திரம் போனது. அது அடைத்தது பால்கூட அல்ல. 100 மில்லி க்ரீம்.

நான்முகியில் ஒரு குறை உண்டு. அதை அடுக்கவே முடியாது. ஒழுங்கான நான்முகிகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து இடைவெளி இல்லாமல் இடத்தை நிரப்பலாம் என்று எழுதியவர் அரிஸ்டாட்டில். தவறு. எப்படி அடுக்கினாலும் சந்துகள் விழும். பால்பண்ணைகள் அறுகோணக் கூடைகளை வைத்துச் சமாளித்தன. அழகான தீர்வுதான், ஆனால் லாரியும் கடையின் அலமாரியும் செவ்வகமாயிற்றே. 1963இல் ஸ்வீடனின் மோட்டாலா நகரில் அறிமுகமான டெட்ரா பிரிக் இதைத் தீர்த்தது. குழாய் அதேதான், பாலின் ஊடாக ஒட்டுவதும் அதேதான். தாடைகள் இரண்டு ஒட்டுகளையும் ஒரே திசையில் போடும். துண்டாகி விழுவது தலையணை வடிவில் இருக்கும். அதை அழுத்திச் செங்கல்லாக்கி, நான்கு மூலைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் முக்கோணக் காதுகளை மடித்து ஒட்டிவிட வேண்டியதுதான். எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள், அந்தக் காதுகள் தெரியும்.

அடுத்த தாவல் இதைவிடப் பெரியது. 1961இல் சுவிட்சர்லாந்தின் துன் நகரில், கிருமி நீக்கிய பாலைக் கிருமியற்ற சூழலில் அடைக்கும் இயந்திரத்தைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். வழக்கமான பாஸ்டர் முறை நோய்க்கிருமிகளைக் கொல்லும். வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா வித்துகளை விட்டுவிடும். பாலை 135 முதல் 140 டிகிரி செல்சியஸ் வரை சில நொடிகள் சூடாக்கி உடனே குளிரவைத்தால் அந்த வித்துகளும் அழியும். நேரம் குறைவு என்பதால் சுவையும் சத்தும் பெரிதாகக் கெடாது. ஆனால் இவ்வளவு பாடுபட்டுச் சுத்தமாக்கிய பாலைச் சுத்தமில்லாத பாக்கெட்டில் ஊற்றினால் எல்லாம் வீண். பாக்கெட்டைத் தகர டப்பா மாதிரி வேகவைக்கவும் முடியாது, காகிதமாயிற்றே.

ரோல் முறை இங்கே கைகொடுத்தது. ஆயிரக்கணக்கான காலிப் பெட்டிகளின் மூலைமுடுக்குகளைக் கிருமி நீக்குவது கடினம். மடிப்பே விழாத ஒரு தட்டையான நாடாவைக் கிருமி நீக்குவது சுலபம். நாடா, சூடான ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்டிக்குள் இறங்கி ஏறுகிறது. கரைசலின் செறிவு சுமார் 35 சதவீதம், வெப்பம் 70 டிகிரியை ஒட்டி. உருளைகள் ஈரத்தைப் பிழிந்தெடுக்க, கிருமியற்ற சூடான காற்று மிச்சத்தை விரட்டுகிறது. பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகிறது. அந்த அறையில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகம். எங்காவது சிறு கசிவு இருந்தாலும் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. அங்கிருந்து நாடா வளையங்களுக்குள் நுழைந்து, நடுவில் தொங்கும் பால் குழாயைச் சுற்றி உருண்டு, தானும் ஒரு குழாயாகிறது.

நாடாவின் இரு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டும் நீள்தையலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேல்பரப்பில் பிளாஸ்டிக் பூச்சு இருந்தாலும் வெட்டிய ஓரத்தில் காகிதம் அம்மணமாக நிற்கும். அது பாலில் பட்டால் உறிஞ்சும், ஊறும், பிரியும். அதனால் உட்புறமாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கீற்றை அந்த ஓரத்தின்மேல் ஒட்டிவிடுகிறார்கள். காலிப் பாக்கெட்டைப் பிரித்து முதுகுத் தையலின் உட்பக்கம் நகத்தால் நெருடினால் அந்தக் கீற்று தட்டுப்படும். ஸ்ட்ரா குத்தும் துளையும் இதே சாமர்த்தியம்தான்: காகிதத்தில் மட்டும் முன்கூட்டியே ஓட்டை போட்டுவிட்டுப் பிறகுதான் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டுகிறார்கள்.

நாடாவில் மொத்தம் ஆறு அடுக்குகள். எடையில் முக்கால் பங்கு காகித அட்டை; விறைப்பு அதன் வேலை. நான்கு அடுக்கு பாலிஎத்திலீன் ஈரத்தைத் தடுக்கிறது, ஒட்டவும் செய்கிறது. நடுவில் ஆறு மைக்ரான் சொச்சம் தடிமனில் அலுமினியம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் தடுப்பது அதன் வேலை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, எனக்கு அதுதான் ரசனையானது. குறுக்கு ஒட்டுப் போடும் தாடைக்குள் ஒரு செப்புச் சுருள் இருக்கிறது. அதில் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை ஒரு நொடியின் சிறு பகுதி நேரத்துக்குப் பாய்ச்சினால், எதிரே இருக்கும் அலுமினியத் தாளில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்பட்டுத் தாள் தானே சூடாகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் உருகி ஒட்டுகிறது. மின்னோட்டம் நின்றதும் அழுத்தத்திலேயே ஆறி இறுகுகிறது. தாடை பழுக்கக் காய்ந்திருக்க வேண்டியதில்லை. பாக்கெட்டுக்குள்ளேயே அதன் அடுப்பும் இருக்கிறது.

நாடாவைக் கீழே இழுப்பதும் இந்தத் தாடைகளே. ஒரு ஜோடி பிடித்து இழுக்கும்போது மற்றது மேலே ஏறிப் பிடிக்கும். வேகமான இயந்திரங்களில் பல ஜோடிகள் சங்கிலியில் கோத்துச் சுற்றிவரும். இழுவை ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் நூறு பாக்கெட்டுக்குள் படம் ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப்போய், பெயர் ஒரு பெட்டியிலும் முகவரி அடுத்ததிலும் விழும். அதனால் நாடாவில் அச்சிட்டிருக்கும் சிறு குறிகளை ஒளிமின் உணரி படித்து, அடுத்த இழுப்பை ஒரு இம்மி கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது. ஏ3 ஸ்பீட் என்ற இயந்திரம் மணிக்கு 24,000 சிறு பாக்கெட்டுகளைத் தள்ளும். நொடிக்கு ஆறேழு. பின்னால் வந்த ஈ3 வரிசையில் பெராக்சைடு தொட்டியையே எடுத்துவிட்டு, எலக்ட்ரான் கற்றையால் கிருமி நீக்குகிறார்கள்.

அமெரிக்கா மட்டும் தாமதித்தது. பாக்கெட்டைக் கிருமி நீக்கப் பெராக்சைடு பயன்படுத்த அங்கே அனுமதி கிடைத்ததே 1981இல்தான். எட்டே ஆண்டுகளில், 1989இல், அமெரிக்க உணவுத் தொழில்நுட்பவியலாளர் கழகம் இந்த அடைப்பு முறையை அரை நூற்றாண்டின் மிக முக்கியமான உணவு அறிவியல் புதுமை என்று கொண்டாடியது.

இனி பணம். ரௌசிங் 1965இல் தாய் நிறுவனத்தை விற்றுவிட்டு டெட்ரா பாக்கை மட்டும் வைத்துக்கொண்டார். மகன்கள் ஹான்ஸ், காட் (Gad) இருவரும் அதை உலகெங்கும் கொண்டு போனார்கள். 1981இல் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லோசானுக்கு மாறியது. 1991இல் பால்பண்ணைக் கருவிகள் செய்யும் ஆல்ஃபா லாவலை வாங்கியதும், பாலைச் சூடாக்குவதிலிருந்து பாக்கெட்டில் அடைப்பதுவரை ஒரே கூரைக்குள் வந்தது. ஆனால் வருமானத்தின் ஊற்று காகிதம்தான். இயந்திரத்தைப் பெரும்பாலும் வாடகைக்கு விட்டார்கள்; ரோலைத் தொடர்ந்து விற்றார்கள். இயந்திரம் ஓடும் ஒவ்வொரு நொடியும் காகிதம் தீர்ந்துகொண்டே இருக்கும். வேறு யார் காகிதத்தையும் அதில் போடக்கூடாது என்பது ஒப்பந்தம். கிருமி நீக்கமும் ஒட்டும் காகிதத்தை நம்பியிருப்பதால் தரத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு என்பது நிறுவனத்தின் வாதம். தொழில்நுட்ப ரீதியாக அதில் பாதி நியாயம் உண்டு. ஐரோப்பிய ஆணையம் மீதிப் பாதியைப் பார்த்தது. சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக 1991இல் 7.5 கோடி ஈசியு (யூரோவுக்கு முந்தைய ஐரோப்பிய நாணய அலகு) அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் 1996வரை நீண்டு தோற்றன. 2016இல் சீனாவும் கிட்டத்தட்ட இதே காரணத்துக்காக சுமார் 67 கோடி யுவான் அபராதம் போட்டது. அதற்குள் டெட்ரா பாக் இயந்திரங்களில் ஓடக்கூடிய ரோல்களைச் செய்யும் போட்டி நிறுவனங்கள் அங்கே வளர்ந்திருந்தன.

ஆறு அடுக்கையும் பிரியாதபடி ஒட்டியதன் விலை, பாக்கெட் காலியான பிறகு தெரிகிறது. மறுசுழற்சி ஆலையில் பாக்கெட்டுகளைப் பெரிய தொட்டியில் தண்ணீரோடு போட்டுக் கடைகிறார்கள். காகித நார் ஊறிக் கரைந்து வந்துவிடும். அது புதிய அட்டைக்குப் போகும். பாலிஎத்திலீனும் அலுமினியமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் செதில்களாக மிஞ்சும். பல இடங்களில் அவற்றைப் பிரிக்க முயல்வதே இல்லை. அப்படியே சூடாக்கி அழுத்திக் கூரைத் தகடுகளாகவும் பலகைகளாகவும் விற்றுவிடுகிறார்கள்.