மஞ்சள் காய்ச்சலும் ‘தாங்குகிற உடம்பும்’

நைஜீரியாவுக்கு வேலைக்குப் புறப்பட்ட ஓர் இளைஞர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக வந்திருந்தார். “எனக்கு ரெண்டு தடவை டெங்கு வந்து போயிடுச்சு டாக்டர். அந்த ஊர்க்காரங்க உடம்பு தாங்குற மாதிரி நமக்கும் தாங்காதா?” என்றார். இந்த நோயை மஞ்சள் காமாலை என்று நினைத்து வருபவர்கள் உண்டு. அதை இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆனால் ‘அவர்கள் உடம்பு தாங்கும்’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு பதறும். மனிதர்களை விலங்கிட உதவிய பேச்சு அது.

கரீபியன் தீவுகளில் முதலில் இந்த நோயே கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களில்தான் அது வந்தது. தண்ணீர்ப் பீப்பாய்களில் ஏடிஸ் கொசு, மனித இரத்தத்தில் வைரஸ். 1647இல் பார்படோஸில் கொள்ளைநோயாக வெடித்து, மறு ஆண்டே மெக்சிகோவின் யுகட்டானை எட்டியது. கரும்புத் தோட்டங்களில் சர்க்கரைப் பாகு வடிக்கும் மண்பானைகள், வேலை முடிந்ததும் மாதக்கணக்கில் மழைநீரோடு கிடந்தன. நம் தெருவில் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் பெருகி டெங்கு பரப்புகிறதே, அதே கொசு.

அந்தத் தோட்டங்களில் ஆரம்பத்தில் ஒப்பந்தக் கூலிகளாக ஐரோப்பிய ஏழைகளும் உழைத்தார்கள். புதிதாக வந்திறங்கியவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. முதலாளிகள் ஆப்பிரிக்கர்களை மேலும் மேலும் வாங்கினார்கள். சர்க்கரை லாபம்தான் முதல் காரணம். நோய் அதற்குத் துணை நின்றது. ‘இந்த வேலைக்கென்றே படைக்கப்பட்ட உடம்பு’ என்று நியாயமும் கற்பித்தார்கள். உண்மையில் பட்டினியாலும் வயிற்றுப்போக்காலும் ஓயாத உழைப்பாலும் அடிமைகள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம். அதனால்தான் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

சரி, அந்தத் ‘தாங்கும் சக்தி’ எது? மஞ்சள் காய்ச்சல் ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வராது. கியூபாவின் ஹவானாவில் பிறந்து வளர்ந்து, சிறுவயதிலேயே அது வந்து பிழைத்த வெள்ளையருக்கும் அந்தச் சக்தி வாய்த்தது. 1802இல் அடிமைகளின் புரட்சியை அடக்க ஹைதியில் வந்திறங்கிய நெப்போலியனின் படைக்கு வாய்க்கவில்லை. தளபதி லெக்லெர்க் உட்பட ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலில் மடிந்தார்கள். மலேரியாவின் கதை வேறு. அதற்கு எதிரான சக்தி கொஞ்சம் பரம்பரை, மீதி திரும்பத் திரும்பக் கடிபட்டு வருவது. இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கக்கூடிய ‘அரிவாள் செல்’ மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து காக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் அதுவே வாழ்நாள் நோய். அந்த மரபணு நம் நீலகிரிப் பழங்குடிகளிடமும் இருப்பது 1952இல் தெரியவந்தது. கடிபட்டு வந்த சக்தியோ ஊரைவிட்டுப் போனால் மெல்லக் குறையும். வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பும் ஆப்பிரிக்கர்களும் மலேரியாவில் படுத்துவிடுவது இதனால்தான்.

இதையெல்லாம் சொல்லித்தான் அவருக்கு ஊசி போட்டேன். டெங்கு வந்ததை நம்பி இந்த ஊசியைத் தவிர்க்கக்கூடாது. போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் இது மலேரியாவைத் தடுக்காது. அதற்கு மாத்திரை தனி, கொசுவலை தனி. திரும்பி வந்தபின் காய்ச்சல் அடித்தால், எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.