மூலையில் வாய் பிளக்கும் கார்னிஸ்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. ஹாலைச் சுற்றிலும், சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் சாய்வாக ஓடும் அலங்காரப் பட்டையான கார்னிஸ்; 4 அங்குல தேக்கு, பளபளவென்று பாலிஷ். ஆனால் நாலு மூலையில் இரண்டில் விசிட்டிங் கார்டைச் சொருகலாம். மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பியிருந்தார்கள். பசை ஊறிய இடத்தில் பாலிஷ் ஏறாது. விளக்கைப் போட்டதும் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படுகிறது. "மெஷின்ல கரெக்டா 45 டிகிரி வச்சுத்தான் சார் வெட்டினேன்" என்றார் வேலை பார்த்த தம்பி. அவர் பொய் சொல்லவில்லை.

மூலை என்றால் 90, அதில் பாதி 45. இந்தக் கணக்கை யார் கிளப்பிவிட்டார்களோ! கொத்தனாரின் மட்டப்பலகை மூலைக்குள் முழுதாக ஓடாது. கடைசி சில அங்குலத்தைக் கரண்டியால் தேய்த்துத்தான் முடிப்பார். அதன்மேல் இரண்டு கோட் பட்டி. பிறகு மூலை எப்படிச் சரியாக 90 இருக்கும்? (கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை, அவர் பட்டி பார்த்தவரைக் கைகாட்டுவார்.)

ஏணி போட்டு மேலேயே அளந்து பாருங்கள். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் இடையே டேப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். 1 அங்குலம் கூடினால் மூலை 92 டிகிரி, 1 அங்குலம் குறைந்தால் 88. 92 உள்ள மூலையில் இரண்டு துண்டையும் 45 வெட்டிச் சேர்த்தால் சீலிங் பக்கத்து விளிம்பு விலகி நிற்கும். 4 அங்குல கார்னிஸில் சுமார் 3.5 மி.மீ. மூலை 88 என்றால் மேலே முட்டிக்கொண்டு கீழ்விளிம்பு திறக்கும். அது இன்னும் மோசம், அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு நேரே இருக்கும்.

சரி, 92-க்குப் பாதி 46, அதை 90-லிருந்து கழித்து மெஷினில் 44 வைத்து வெட்டினால்? பெயின்ட் அடிக்கப் போகிற வேலை என்றால் போதும். ஜிப்சம் கார்னிஸும் அப்படித்தான், மைட்டர் (இரண்டு முனையையும் சாய்வாக வெட்டிச் சேர்ப்பது) வெட்டி, பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வைத்து நிரப்பித் தேய்த்துவிடலாம். பாலிஷ் போடும் மரத்துக்கு அது ஆகாது. ஆணி அடிக்கும்போதே துண்டு சுவர்ப்பக்கம் இழுபட்டு வாய் திறக்கும். அப்புறம் வெயில் காலத்தில் மரம் அகலவாக்கில் சுருங்கி மிச்சத்தையும் திறந்துவிடும்.

உள்மூலைக்குக் கோப்பிங்தான், அதாவது ஒரு துண்டின் முனையை மற்றதன் வளைவுக்கேற்ப அறுத்துப் பொருத்துவது. முதல் துண்டை நேராக வெட்டி மூலையில் முட்டவிடுங்கள். இரண்டாவதை மெஷினில் தலைகீழாக வையுங்கள். மெஷினில் நிமிர்ந்து நிற்கும் தடுப்பான ஃபென்ஸ்தான் சுவர், மேசைதான் சீலிங். 45 வெட்டினால் முகத்தின் வளைவு ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் பென்சில் ஓட்டி, கோப்பிங் ரம்பத்தைப் பின்பக்கம் சாய்த்துப் பிடித்து, வளைவோடு வளைவாக அறுங்கள். பிறகு வட்ட அரம். முன் விளிம்பு மட்டும் முதல் துண்டின் மேல் உட்கார வேண்டும், பின்னால் மரமே இருக்கக்கூடாது. அதனால்தான் மூலை இரண்டு டிகிரி முன்னே பின்னே இருந்தாலும் இது பிடித்துக்கொள்கிறது. நல்ல துண்டில் கை வைக்கும் முன் கழிவுத் துண்டில் ஒருமுறை வெட்டி மூலையில் வைத்துப் பாருங்கள். அறைக்குள் துருத்தி நிற்கும் வெளிமூலையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே மைட்டர்தான், மூலையை அளந்து, அதில் பாதியை 90-லிருந்து கழித்து மெஷினில் வையுங்கள்.

தம்பிகளே, கல் வெட்டும் மெஷினில் மர பிளேடு மாட்டி, மூடியையும் கழற்றிவிட்டு வெட்டுவதை நிறுத்துங்கள். அரை அடித் துண்டைக் கையால் பிடித்து வெட்டாதீர்கள், கிளாம்ப் போடுங்கள். பிளேடு நிற்கும் முன் துண்டை எடுக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி பையில் இருந்து என்ன பிரயோஜனம்?

வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசாரி நாலு மூலைக்கு ஒரு நாள் கேட்டால் கொடுங்கள். ஏணி மேல் அரத்தோடு நிற்கிறவரிடம் "இன்னும் முடியலையா?" என்று கேட்காதீர்கள்.