"உங்க விசுவாசம் பத்தல" என்று சொல்வதற்கு முன்னால்

கட்டிலில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். தலைமாட்டில் ஒரு பைபிள், ஒரு பிளாஸ்க், எக்ஸ்ரே கவர். சுற்றி ஐந்தாறு பேர் நின்று சத்தமாக ஜெபிப்பார்கள். முடித்துக் கிளம்பும்போது ஒருவர் மட்டும் குனிந்து, "எல்லாம் உங்க விசுவாசத்துலதான் இருக்கு சிஸ்டர். அதுதான் கொஞ்சம் பத்தல போல" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் படி இறங்குவதற்குள் இங்கே படுத்திருப்பவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். அதற்கப்புறம் கஞ்சி இறங்காது, மாத்திரை இறங்காது, தூக்கமும் வராது.

வடசென்னையில் மருத்துவமனை ஊழியமும் ஆற்றுப்படுத்தலும் செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. இந்த வாரம் மட்டும் மூன்று பேர். வியாதியைவிட அந்த ஒரு வாக்கியம்தான் அவர்களைச் சாய்த்திருந்தது. அதனால் இந்தக் கட்டுரை கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். அது வேதத்தில் இருக்கிறதா? இருக்கிறது. சொன்னவன் எலிப்பாஸ். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து புண்ணோடு கிடந்த யோபுவைப் பார்க்க நண்பர்கள் மூன்று பேரும் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். நான்காம் அதிகாரத்தில் எலிப்பாஸ் வாயைத் திறந்து, குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டா என்று கேட்டான். அதாவது, உனக்கு இப்படி வந்திருக்கிறதென்றால் உன்னிடம் ஏதோ கோளாறு. பக்கம் பக்கமாக இதையே மூன்று பேரும் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். கடைசி அதிகாரத்தில் தேவன் கோபப்பட்டது யார்மேல்? புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் இல்லை, தேவனுக்காக வாதாடுவதாக நினைத்துப் பேசிய இந்த மூவர்மேல். 42:7, எடுத்து வாசித்துப் பாருங்கள். வார்டில் நின்று எலிப்பாஸின் வசனத்தைப் பேசிவிட்டு அதற்கு ஆமென் வேறு கேட்கிறோம்.

அடுத்தது எபிரெயர் 11. விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கிக்க எல்லோருக்கும் பிடித்த அதிகாரம். சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள், பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள் என்று சொல்லிக்கொண்டே போய் 35ஆம் வசனத்தின் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதி "வேறு சிலர்" என்று தொடங்குகிறது. அந்த வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள். தப்பினவர்களுக்கு ஒரு அளவு விசுவாசம், அறுப்புண்டவர்களுக்கு ஒரு அளவு விசுவாசம் என்று அங்கே எங்கும் எழுதியிருக்கவில்லை. 39ஆம் வசனம் இரு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்கிறது. ஜனவரி முதல் தேதி கைக்கு வருகிற வாக்குத்தத்த அட்டையில் அந்த இரண்டாவது பாதி ஒரு வருடம்கூட அச்சானதில்லை.

அப்போஸ்தலன் பவுலைப் பாருங்கள். கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று சாதாரணமாக எழுதுகிறார். அவனுக்கு விசுவாசம் போதாது என்று பின்குறிப்பு போடவில்லை. தீமோத்தேயுவின் அடிக்கடி வரும் பலவீனத்துக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்கிறார். அன்றைய கைமருந்து அது. இன்னும் ஒன்று. மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுத்துக்கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. ஆகவே விசுவாசம் பத்தவில்லை என்று யாருக்காவது தோன்றினால் முதலில் சுமக்க வந்த நாலுபேருடையதை அளந்து பார்க்கட்டும்.

காரணம் கண்ணுக்குத் தெரிகிற கஷ்டத்துக்குக்கூடச் சாபம் தேடுகிறவர்கள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர்ப் பக்கம் வீட்டுச் சுவரெல்லாம் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. படகு, வலை, இறால் எல்லாம் நாசம். விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. அப்படிப்பட்ட நேரத்திலும் "குடும்பத்துல ஏதாவது சாபம் இருக்கா, பாருங்க" என்று ஆலோசனை சொல்ல ஆள் இருந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்லிவிட்டார். அதற்குமேல் நமக்கென்ன துப்பறியும் வேலை?

சரி, அப்படியானால் பாடுகளில் தேவபிரசன்னம் என்பது எது? "ஒண்ணுமே ஃபீல் ஆகல, அவர் என்னை விட்டுட்டாரு" என்பதுதான் எங்கள் காதில் அதிகம் விழுகிறது. ஏசாயா 43 "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்" என்கிறது. தண்ணீர் வராது என்று அங்கே வாக்குத்தத்தம் இல்லை. உணர்வு இருந்தால்தான் பிரசன்னம் என்பது ஆராதனை மேடையிலிருந்து வந்த பழக்கம், கீபோர்டும் ரிவெர்பும் அதற்கு நன்றாகவே உதவுகின்றன. துக்கத்திலும் மனச்சோர்விலும் எந்த உணர்வும் மரத்துப்போகும். பெற்ற பிள்ளையைத் தூக்கினால்கூடச் சந்தோஷம் வராது. ஜெபத்தில் மட்டும் எப்படி வரும்?

எலியா தீர்க்கதரிசியின் கதை இதற்கென்றே எழுதினதுபோல இருக்கும். கர்மேலில் அக்கினியை இறக்கின அதே மனுஷன், அடுத்த அதிகாரத்தில் ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூதன் வந்து என்ன செய்தான்? கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட ஒரு அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். தின்றான், குடித்தான், மறுபடியும் படுத்துக்கொண்டான். அதற்கும் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பி, சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும் அதற்கு நாற்பது நாளைக்கு அப்புறம். நம் சபைகளில் அடையும் தூக்கமும் கொடுப்பதற்கு முன்னாலேயே மெல்லிய சத்தம் கேட்டுதா என்று விசாரிக்கிறார்கள்.

அதனால் நெருக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்வது இதுதான். நீளமாக ஜெபிக்க முடியவில்லை என்றால் விடுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், மூன்று நிமிஷம். 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், ஆறே வசனம்தான். முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்டிருக்கிறது, நீங்களும் கேட்கலாம். எழுத வருகிறவர்கள் ஒரு நோட்டில் அதே வரிசையில் எழுதுங்கள்: யாரிடம் பேசுகிறேன், என்ன வலிக்கிறது, என்ன வேண்டும், எதை நம்பிக்கொண்டிருக்கிறேன். கடைசி பகுதி வரவில்லையென்றால் காலியாக விடுங்கள், வலுக்கட்டாயமாக ஸ்தோத்திரம் எழுதவேண்டாம். 88ஆம் சங்கீதம் அப்படித்தான் ஆறுதல் வரி இல்லாமலே முடிகிறது, தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று. அதையும் வேதமாகத்தான் வைத்திருக்கிறோம்.

இரண்டு வாரத்துக்குமேல் அநேகமாகத் தினமும் மனம் இருண்டே கிடந்தாலோ, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து அதற்குமேல் தூங்க முடியாமல் போனாலோ, பசி அற்றுப்போனாலோ, டாக்டரிடம் போங்கள். கூட இருக்கிறவர்கள் "செத்துடலாம்னு தோணுதா?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்காமல் விட்டதால் இழந்தவர்கள் உண்டு. 14416 டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், இரவிலும் தமிழில் பேசலாம். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் பிடிக்கும். பத்தாம் நாள் "பலனில்ல, ஜெபமே போதும்" என்று நிறுத்திவிட்டு வராதீர்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு. ஒரு தடவைக்கு இரண்டு பேர், பத்து நிமிஷம், போதும். கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அறுவை நடந்த வயிற்றில் கை வைத்து அழுத்தாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவருக்கும் வலிக்கிறது, அவர் உங்கள் ஜெபத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்று ஒன்றுமில்லை. ஆக்சிஜன் மாஸ்க் போட்டவர் முகத்தில் அபிஷேக எண்ணெய் பூசாதீர்கள், ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளையை இழந்து படுத்திருக்கிற பெண்ணிடம் "தேவனுக்கு அது தேவைப்பட்டுச்சு", "அடுத்தது தருவாரு" என்று தயவுசெய்து, தயவுசெய்து சொல்லாதீர்கள். "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, கூட இருக்கேன்மா" என்றால் போதும். ஓ.பி. சீட்டுக்குக் காலையில் வரிசையில் நிற்க ஒருவர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஒருவர், ராத்திரி கஞ்சிக்கு ஒரு வீடு என்று சபையில் பெயர் போட்டு எழுதி வையுங்கள். துக்க வீட்டில் முதல் வாரம் நிற்க இடமிருக்காது. காரியம் முடிந்து மூன்றாவது வாரம் போய்ப் பாருங்கள், வாசலில் ஒரு செருப்பு இருக்காது. போகவேண்டியது அப்போது.

இனி, துன்பப்படுத்தல். பத்து மணிக்குமேல் ஸ்பீக்கர் அலறி, போலீஸ் வந்து ஒயரைப் பிடுங்கினால் அதற்குப் பெயர் உபத்திரவம் இல்லை. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருடத்து விதி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நாலடிச் சந்தில் இரண்டு பாக்ஸ் வைத்துவிட்டுச் சாட்சி சொல்லவேண்டாம். பேதுருவும் இதைப் பிரித்துத்தான் சொல்கிறார்: அந்நிய காரியங்களில் தலையிட்டுப் பாடுபடுவது வேறு, கிறிஸ்தவனாயிருப்பதால் பாடுபடுவது வேறு.

அந்த இரண்டாவது வகை நிஜமாகவே வரும்போது, "சிலுவையைச் சுமக்கணும், புகார் கொடுக்கக்கூடாது" என்று விசுவாசிகளைத் தடுக்கிற பாஸ்டர்மார் இருக்கிறார்கள். பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். அடிப்பதற்காக வாரினால் கட்டினபோது, ரோமக் குடிமகனை விசாரியாமல் அடிக்க நியாயமுண்டா என்று சட்டம் கேட்டார். கடைசியில் ரோமப் பேரரசனான இராயனுக்கு அப்பீல் போட்டார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்பது இயேசுவின் வார்த்தை. நமக்கு அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு இருக்கிறது. ஜெபக்கூட்டத்தை வேண்டுமென்றே கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) என்கிற குற்றவியல் சட்டத்தின் 300ஆம் பிரிவு, வழிபாட்டு இடத்தைச் சேதப்படுத்துவது 298. எதிர்த்துக் கத்தாதீர்கள், தள்ளுமுள்ளு வேண்டாம், அங்கே கையை ஓங்கினால் வழக்கு உங்கள்மேல் திரும்பும். பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் வெளியே அனுப்புங்கள். போலீஸுக்கு 100இல் போன் பண்ணுங்கள். வீடியோ இருந்தால் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், அப்படியே வைத்திருங்கள். அன்றைக்கே எழுத்தில் புகார்: தேதி, நேரம், யார், என்ன செய்தார்கள், பார்த்த சாட்சி. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் பதிவுத் தபாலில் காவல் ஆணையருக்கு, அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம்.

விசுவாசத்தின் பேரில் வீட்டை விட்டே துரத்தப்படுகிற பெண்கள், பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிடலாம். புருஷன் வீட்டில் வாழ்கிற உரிமை 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இருக்கிறது. சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. அப்பா அம்மாவை எதிர்த்துப் பேசச்சொல்லி இளம் பிள்ளைகளைத் தூண்டிவிடுகிற அண்ணன்மார்களே, ராத்திரி அந்தப் பிள்ளை தெருவில் நின்றால் உங்கள் வீட்டில் படுக்கை இருக்கிறதா?

கஷ்டம் வந்தால் உபவாசம் எடுப்பது நம்மவர்கள் வழக்கம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். டைப் ஒன்று சர்க்கரைக்காரர் இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி ஐ.சி.யூ.வில்தான் முடியும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை வியாதி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமலிருந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அது அபிஷேகம் இல்லை, சர்க்கரை 70க்குக் கீழே இறங்குகிறது. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து கொடுங்கள், பதினைந்து நிமிஷத்தில் திரும்பப் பாருங்கள், மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 108. வலிப்புக்காரருக்கும் பைபோலார் உள்ளவருக்கும் முழு இரவு ஜெபம் வேண்டாம், தூக்கம் கெட்டாலே கிளம்பிவிடும். டி.பி. மருந்து ஆறு மாதம், இருமல் நின்ற இரண்டாம் மாதமே "சுகமாயிட்டேன்" என்று சாட்சி சொல்லி நிறுத்தினால் அடுத்து வருவது மருந்துக்கு மசியாத டி.பி., வீட்டில் இருக்கிற குழந்தைக்கும் சேர்த்து. கூட்டம் நடத்துகிறவர்கள் வாசலிலேயே மாத்திரைச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை, வலிப்பு, கர்ப்பம் என்று எதைக் கண்டாலும், ஜெபத்துக்கு உட்காருவதற்கு முன்னால் இரண்டு இட்லி சாப்பிடச் சொல்லுங்கள்.