வியோமகேசன்: துப்பறிவாளருக்கு ஒரு சிவநாமம்

'பியோம்கேஷ் பக்ஷி' என்ற பெயரை 1993இல் தூர்தர்ஷனில் வந்த இந்தித் தொடர் வழியாக அறிந்தவர்கள் பலர். சரதிந்து பந்தோபாத்யாய 1932இல் எழுதத் தொடங்கிய வங்காளக் கதைகளின் நாயகர் இவர். கல்கத்தாவின் ஹாரிசன் சாலைவாசி.

பெயர் வேற்றுமொழிபோல ஒலிப்பதற்குக் காரணம் வங்காள உச்சரிப்புதான். அங்கே வகரம் பகரமாகிவிடும். வடமொழியில் இது 'வியோமகேச'. வியோமம் என்றால் ஆகாயம், கேசம் என்றால் தலைமுடி. வானத்தையே முடியாகக் கொண்டவன், அதாவது சிவன். வடமொழி நிகண்டான அமரகோசம் சிவனின் பெயர்களுள் ஒன்றாக இதைத் தருகிறது. லலிதா சகஸ்ரநாமம் சொல்பவர்கள் 'வியோமகேசீ' என்று இதன் பெண்பாலை உச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தமிழில் 'வான்சடையன்' எனலாம். கேசம் வெறும் முடிதான் என்றாலும், சிவனுக்குச் சடையைத் தவிர வேறு எதைச் சொல்வது?

ஷெர்லாக் என்ற பெயருக்கும் பழைய ஆங்கிலத்தில் 'ஒளிர்முடி' என்றே பொருள் சொல்கிறார்கள். இரண்டு துப்பறிவாளர்களுக்கும் தலைமுடியில் பெயர் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் சுவையான தற்செயல்.

'பக்ஷி' பறவையன்று. பாரசீகம் வழி வந்த வேறொரு சொல் அது. முகலாயர் படையில் சம்பளம் வழங்கும் அதிகாரியின் பதவிப் பெயர், பிறகு குடும்பப் பெயராகிவிட்டது.

இவற்றைவிட முக்கியமானது அவர் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். வாசலில் உள்ள பித்தளைத் தகட்டில் பெயருக்குக் கீழே 'சத்தியான்வேஷி' என்றிருக்கும். 'டிடெக்டிவ்' என்பது கேட்க நன்றாயில்லை, அதற்கான வங்காளச் சொல் 'கோயேந்தா' அதைவிட மோசம் என்பது அவர் கட்சி. கோயேந்தாவும் பாரசீகச் சொல்லே. அதில் உளவாளி, ஆள்காட்டி வாடை வீசும். நம் 'ஒற்றன்' போல. 'துப்பறிவாளர்' அவ்வளவு மோசமில்லை, ஆனால் அது துப்போடு நின்றுவிடுகிறது. சத்தியம், அன்வேஷி (தேடுபவர்) என்று பிரித்தால் 'உண்மை தேடுபவர்' என்றாகும். பெயர்ப்பலகைக்கு அது நீளம். 'மெய்கண்டார்' என்று எழுதலாமா? கூடாது. அது சிவஞானபோதம் தந்தவரின் பெயர்; அதோடு, கண்டுவிட்டவரை அன்வேஷி என்று எப்படி அழைப்பது? 'நாடோடி' போலச் சுருக்கமாக 'மெய்தேடி' என்பதே என் தேர்வு.

அப்படித் தேடியவர் ஒரு கொலை வழக்கில் சந்தித்து மணந்துகொண்ட பெண்ணின் பெயர் சத்தியவதி. சரதிந்து இதைத் தெரியாமல் வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.