தண்ணீரைக் குறைத்தால் கசிவு நிற்காது

சிறுநீர்க் கசிவு வந்ததும் பலரும் தாங்களாகச் செய்துகொள்ளும் முதல் வைத்தியம், தண்ணீரைக் குறைப்பது. இரண்டாவது, வெளியே கிளம்பும்போதெல்லாம் உணர்வே இல்லாவிட்டாலும் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வருவது. இயன்முறை மருத்துவராக நான் பார்ப்பவர்களில் இவ்விரண்டையும் செய்யாதவர்கள் அரிது. இரண்டும் கெடுதல்தான். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். மலச்சிக்கலும் வரும்; கட்டிய மலம் பையை நெருக்கும். அடிக்கடி காலிசெய்து பழக்கினாலோ, 400 மில்லி கொள்ளும் பை 100 மில்லிக்கே அவசரப்படுத்தத் தொடங்கிவிடும்.

அதனால் நான் முதலில் கேட்பது மூன்று நாள் குறிப்பு. எப்போது என்ன குடித்தீர்கள், எவ்வளவு சிறுநீர் போனது, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதிவர வேண்டும். அளவுக் குவளையில் பிடித்து அளப்பதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒரு பெண்மணி எழுதிவந்ததைப் பாருங்கள்: "6.10 காபி. 6.50 அவசரம், 90 மில்லி. 7.30 அவசரம், 80 மில்லி, கதவைத் திறப்பதற்குள் நனைந்துவிட்டது." மூன்று நாளிலும் தும்மல், இருமல் என்ற பேச்சே இல்லை. இது அவசரக் கசிவு. நிரம்பும் முன்பே பை சுருங்குகிறது. தும்மும்போது, சிரிக்கும்போது, பாரம் தூக்கும்போது மட்டும் கசிந்தால் அது அழுத்தக் கசிவு. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் அதிகம் காண்பது இதைத்தான். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

வயதான ஆண்களின் விஷயம் வேறு. சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்தால் பை முழுதாகக் காலியாகாது, நிரம்பிச் சொட்டும். இவர்களுக்கு அவசரத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளக்கூடும். கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்த பிறகே மாத்திரை என்பது அதனால்தான். மூட்டுவலியால் எழுந்து நடப்பதற்குள் கசிந்துவிடுகிறவருக்கோ மருந்தைவிடக் கட்டிலருகே ஒரு கழிப்பறை நாற்காலி பெரிய உதவி.

கசிவுக்கு நான் சொல்லித்தருவது, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி. இதை 1948-இல் ஆர்னால்ட் கேகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் எழுதிப் பரப்பினார். எளிதுதான், ஆனால் பாதிப் பேர் தவறாகவே செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வயிற்றையும் தொடையையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க முக்குகிறார்கள். அது தசையைக் கீழே தள்ளும். வாயு பிரியாமல் அடக்குவதுபோல் உள்ளும் மேலுமாக இழுத்துச் சில விநாடி நிறுத்தி, முழுதாகத் தளர்த்துங்கள். மூச்சு வழக்கம்போல் ஓடட்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூன்றாம் வாரத்தில் "பலனில்லை" என்று விட்டுவிடுகிறவர்களிடம் எனக்குக் கோபம்கூட வரும். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்ய வேண்டாம். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் தசையை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் மட்டுமே பலருக்குத் துணியை நனையாமல் காக்கிறது.

அவசரக் கசிவுக்காரர்கள் ஓடக் கூடாது. நின்றோ உட்கார்ந்தோ தசையை ஐந்தாறு முறை வேகமாக இறுக்கித் தளர்த்துங்கள். அவசரம் சற்றுத் தணிந்ததும் நடந்து போங்கள். ஒருமுறை கழிப்பறைக்குப் போவதற்கும் அடுத்த முறைக்கும் உள்ள இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே போனால், ஆறு வாரத்தில் குறிப்பேட்டில் மாற்றம் தெரியத் தொடங்கும். காபி, தேநீரைக் குறைப்பதும், உடல் பருமன் இருந்தால் எடை குறைப்பதும் கைகொடுக்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர்பிரி மாத்திரை (சிறுநீரை அதிகம் போகச் செய்வது) சாப்பிடுகிறவர்கள் அதை எந்த நேரத்தில் போடுவது என்று தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல் என்றால் பயிற்சியை நம்பி உட்காராமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். திடீரென்று சிறுநீர் வராமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துக் காலும் பலவீனமானாலோ அன்றே, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு.